பகல் மூன்று மணி விழா

ஆபீஸ் படியில் இறங்கும்போது மேடம் என் தோளைப் பிடித்துக்கொண்ட அந்த மாலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. திருவெறும்பூரில் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு தனியார் கம்பெனியின் கொள்முதல் பிரிவுக்கு அவர் தலைவர். பதினாறு வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்த நான், அதுவரை அவர் யார் துணையையும் நாடியதைப் பார்த்ததில்லை. கடைசிப் படி வந்ததும் கையை எடுத்துவிட்டு, கண் நரம்பு கெட்டுக்கொண்டே வருவதாகவும் இனிச் சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். நல்ல பகல் வெளிச்சத்தில் முகங்கள் தெரியும். பொழுது சாய்ந்தால் எல்லாம் புகைமூட்டம்.

"ரிட்டயர் ஆகுற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. பாவம்னு பாக்க ஆரம்பிச்சுடுவாங்க."

நான்கு மாதம் கழித்து, அவருடைய பிரிவுபசார விழாவுக்கு இடம் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதன் பிறகு தூக்கம் சரியாக இல்லை. ஜங்ஷன் பக்கத்து ஓட்டல் ஹால்கள், ஸ்ரீரங்கத்து மண்டபங்கள் என்று சாப்பாட்டு நேரமெல்லாம் வண்டியில் அலைந்தேன். எல்லா இடத்திலும் கனத்த திரைகள், மங்கலான அலங்கார விளக்குகள். கடைசியில் துவாக்குடி போகும் வழியில் முன்பு இரும்பு வேலை நடந்த ஒரு பழைய ஃபேப்ரிகேஷன் ஷெட் கிடைத்தது. உள்ளே வெள்ளையடித்து, இரும்பு உத்தரங்களுக்கு மஞ்சள் பெயின்ட் பூசி, விழாக்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் கண்ணாடி ஜன்னல்கள். கூரையில் வரிசையாக ஒளி புகும் ஷீட்டுகள். விளக்கே போடாமல் தரையில் கிடந்த ஆணிகூடத் தெரிந்தது.

ஆபீஸில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. "வருஷம் பூரா ஷெட்டுலதான் கெடக்கிறோம், விழாவும் ஷெட்டுலயா?" என்று ஸ்டோர்ஸ்காரர் கேட்டார். ஏ.சி. இல்லாததையும் பகல் மூன்று மணியையும் எல்லோரும் குறை சொன்னார்கள். காரணத்தைச் சொல்ல முடியாமல், மற்ற ஹால்கள் எதுவும் காலியில்லை என்று பொய் சொன்னேன்.

விழாவன்று மேடம் வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு தன்னிடம் வந்த ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு, வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் முகத்தைப் பார்த்தார். ஸ்டோர்ஸ்காரரின் கன்னத்தில் மச்சம் இருப்பதை இத்தனை வருஷம் கவனிக்கவில்லையே என்றார். நான் மைக், ஃபேன், டிபன் என்று ஓடிக்கொண்டிருந்தேன். கூரைக்கு மேல் மேகம் நகரும்போதெல்லாம் நின்று மேலே பார்த்தேன்.

எல்லோரும் போனபோது ஆறு மணி தாண்டிவிட்டது. அவருடைய நாற்காலி அருகே போய் நின்றேன். காலடிச் சத்தம் வந்த பக்கம் திரும்பினார்.

"எல்லாரையும் பாத்துட்டேன். உங்களைத்தான் பாக்கல. எங்க போயிட்டீங்க?"

ஓடிப்போய் இருந்த விளக்குகளையெல்லாம் போட்டேன். நான் நின்ற பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போதவில்லை என்று தலையாட்டினார். மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போய் நின்றிருக்கலாம். ஏதேதோ வேலை. போகவில்லை.

இப்போது அவர் திருவானைக்காவலில் தங்கை வீட்டில் இருக்கிறார். பகலும் இரவும் அவருக்கு ஒன்றாகி இரண்டு வருஷமாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தபோது பேச்சுவாக்கில், எனக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது என்று சொன்னேன்.

"அன்னிக்கு ஒரு நிமிஷம் வந்து நின்னிருந்தா, கருப்பா பாத்திருப்பேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அதற்குமேல் அங்கே இருப்புக்கொள்ளவில்லை.