அத்தை ருசி பார்த்த வண்டி

பிறருடைய மண் அள்ளும் வண்டிகளைப் பதினான்கு ஆண்டுகள் ஓட்டிய என் தந்தை, எனக்கு எட்டு வயதானபோது தமக்கென ஒன்று வாங்கத் துணிந்தார். வேம்பார் உப்பளங்களில் மழைக்கு முன் கால்வாய் தூர்வாரும் வேலை வருவதாக இருந்தது. ஆனால் நீண்ட கையுள்ள வண்டி சொந்தமாக இருக்கவேண்டும். புதியது எங்கள் நினைப்புக்கும் எட்டாதது. ஆகவே தூத்துக்குடிக்கு வெளியே பழைய வண்டிகள் விற்பவர் ஒருவரிடம் போனோம்.

தந்தையின் அக்காவும் உடன் வந்தார். அத்தைக்கு இயந்திரங்களைப்பற்றி ஒன்றும் தெரியாது. எனினும் உப்பளத்திலேயே வளர்ந்த அவருடைய நாக்கைத் தந்தை எந்த வல்லுநரையும்விட நம்பினார். வண்ணப்பூச்சு எட்டாத இடுக்கில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம். கரித்தால் வண்டி கடலுக்குள் நின்று உழைத்தது, உள்ளிரும்பு அரித்திருக்கும்.

வண்டி மஞ்சள் பூசி மணப்பெண்போல் நின்றது.

"முழுக்கக் கம்மாய், குளம்னு வேலை பாத்த வண்டி, அண்ணாச்சி. கடக்காத்துகூடப் பட்டதில்ல," என்றார் விற்பவர். அதற்கென்றே விலையை ஏற்றியும் சொன்னார். தந்தையின் முகம் வாடியது.

பெரியவர்கள் இயந்திரத்தை முடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்க, தரையில் இறக்கியிருந்த, வண்டியின் மண் அள்ளும் வாளிக்குள் அமர்ந்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய மாங்காய்த் துண்டுகளைத் தின்றேன். பாவாடையில் கை துடைத்தால் அத்தை திட்டுவார். ஆகவே வாளியின் பின்புறத்து இடுக்கில் விரல்களை நன்றாகத் துடைத்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் அத்தை அதே இடுக்கில் விரல்விட்டு நாக்கில் வைத்தார். கண் கலங்கிற்று, விக்கலும் எடுத்தது. என்னை ஒருமுறை பார்த்தார்.

"ஏளா, தண்ணி கொண்டா!"

நான் கொண்டுவந்த செம்பு நீர் முழுவதையும் குடித்து முடித்துத் தந்தையின் பக்கம் திரும்பினார்.

"ஏலே, வா போவோம். இது கடத்தண்ணி குடிச்ச வண்டில்லா!"

"கம்மாய் வண்டிதான், அக்கா..." என்று விற்பவர் குறுக்கிட்டார்.

"எந்தக் கம்மாய்? கப்பல் வாற கம்மாயோ?"

விற்பவர் தலையைச் சொறிந்தார். "எங்கிட்ட வித்தவன் அப்படித்தான் சொன்னான்," என்று முனகினார். அந்த ஒரு சொல்லுக்குப்பின் விலை படிப்படியாக இறங்கி, தந்தையால் கொடுக்கக்கூடிய இடத்தில் வந்து நின்றது. அத்தை தலையசைக்க, தந்தை வண்டியை வாங்கிவிட்டார்.

திரும்பும் வழியில் அத்தை என் விரல்களை முந்தானையால் துடைத்துவிட்டு, கேளாமலே இன்னொரு பொட்டலம் மாங்காய் வாங்கித் தந்தார்.

எனக்கோ கவலை. பல மாதங்கள் காலைதோறும் அந்த வண்டியைச் சுற்றிவந்து துரு தேடினேன். அது மழைக்கு முன்னே கால்வாயை முடித்தது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் நோகாமல் ஓடியது. கடலில் நின்ற இரும்பு இத்தனை நலமாக இருப்பதெப்படி என்று வியந்தேனே தவிர, உப்பைத் தின்று எவருக்கும் விக்கல் எடுப்பதில்லை என்பது எனக்கு அன்று தோன்றவேயில்லை.