மகளை மேடம் என்றவர்

பயணப் பெட்டிகள் விற்கும் அந்தக் கடையின் வாசலில் நின்று வேடிக்கை காட்டுவதுதான் அவர் வேலை. சோப்பு, பேஸ்ட், ஷாம்பு வைத்துக்கொள்ளும் வாட்டர்புரூஃப் பை ஒன்றை எடுப்பார். மூடி திறந்த ஷாம்பு பாட்டிலை உள்ளே போட்டு, ஜிப்பை இழுத்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்குவார். பிறகு வெள்ளைக் கைக்குட்டையால் பையின் வெளிப்புறத்தைத் துடைத்து, ஈரமில்லை என்று காட்டுவார். அதற்கும் மசியாதவர்களுக்காகப் பை நிறையத் தண்ணீர் பிடித்து, தன் வழுக்கைத் தலைக்கு நேராகக் கவிழ்த்துப் பிடிப்பார்.

“ஒரு சொட்டு விழுந்தா பை உங்களுக்கு, ஜலதோஷம் எனக்கு!”

கூட்டம் சிரிக்கும். பக்கத்துக் கடைக்காரர்கள் அவருக்கு ‘சொட்டு மாஸ்டர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மகளுக்கு வரன் பேசியபோது, “கடை மொத்தத்தையும் இவர்தான் சூப்பர்வைசரா இருந்து பார்த்துக்கிறார்” என்று அவர் மனைவி வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். அவர் மறுக்கவில்லை. பொய்யைத் தைத்தது மனைவி. கல்யாணம் முடிந்த பிறகும் அதை உடுத்திக்கொண்டு திரிந்தது அவர். சம்பந்தி வீட்டுக்குப் போனால் வியாபாரம் மந்தம் என்று அலுத்துக்கொள்ளவும் செய்தார்.

ஒரு சனிக்கிழமை மதியம். தலைக்கு மேல் பையைத் தூக்கிப் பிடித்தபடி வழக்கமான வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவரின் கண்ணில், கூட்டத்துக்குப் பின்னால் நின்ற மகள் பட்டாள். இரு பக்கமும் அவளுடைய மாமனாரும் மாமியாரும்.

அவர் வசனத்தை அப்படியே விட்டுவிட்டார். மகள் முகத்திலோ ஒரு சங்கடமும் இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அப்பா! அத்தை ஊருக்குப் போறாங்க. நல்ல பையா ஒண்ணு எடுத்துக் குடுங்க.”

பையைக் கீழே இறக்கினார். அவளைப் பார்க்காமல், அவள் தோளுக்கு மேலே எங்கோ பார்த்தார்.

“என்ன சைஸ் வேணும் மேடம்?”

மகள் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. “அப்பா, நான்தான்.”

“உள்ள கவுண்டர்ல கேளுங்க மேடம், எடுத்துக் குடுப்பாங்க.”

அவளுடைய சிரிப்பு பாதியிலேயே நின்றது. மாமியார் மருமகளின் கையைப் பிடித்து, “வாம்மா, உள்ள போய்ப் பாக்கலாம்” என்று அழைத்துப் போனாள். மாமனார் மட்டும் போகிற போக்கில் அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் கேலி இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மரியாதை இருந்தது.

அவர்கள் வெளியே வரும்போது அவர் கடைக்குப் பின்னால், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். குடிக்கவென்று எடுத்த தண்ணீர் கையிலேயே இருந்தது.

அடுத்த விடுமுறையில் சம்பந்தி வீட்டுக்குத் தனியாகப் போனார். மகளும் மாப்பிள்ளையும் வெளியே போயிருந்தார்கள். வாசற்படியிலேயே நின்று, “நான் சூப்பர்வைசர் எல்லாம் இல்லைங்க” என்றார்.

“அது கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும் சம்பந்தி. உங்க பொண்ணுதான் சொல்லிச்சு” என்றார் மாமனார். “எங்கப்பா பேச ஆரம்பிச்சா தெருவே நின்னு கேக்கும்னு பெருமையாச் சொல்லும். அன்னைக்குக்கூட நீங்க பேசுறத எங்களுக்குக் காட்டத்தான் கூட்டிட்டு வந்திச்சு.”



“வேலைய மறைச்சது பெரிய விஷயம் இல்லைங்க” என்றாள் மாமியார். “வண்டியில வர்ற வழியெல்லாம் அந்தப் பொண்ணு அழுதுட்டே வந்தா. எங்களால சமாதானம் பண்ண முடியல.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்.

பேருந்து நிறுத்தத்தில் நின்று மகளுக்குப் போன் செய்தார். அவள் உடனே எடுத்தாள்.

“சொல்லுங்கப்பா. சாப்பிட்டீங்களா?”

எப்போதும் போன்ற அதே குரல். திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பார். “சாப்பிட்டேம்மா” என்றார், சாப்பிடாமலேயே. போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பேருந்து வந்தது. அவர் ஏறவில்லை.