கேட்டுக்கு வெளியே ஓர் இன்டர்வியூ

போன செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. எங்கள் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் வேறொரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனார்கள், துணைக்குப் போனேன். எங்கள் மேனேஜர் இந்தப் பத்தியைப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

ஒருத்தி பாக்கியம். வாலாஜாபாத்காரி. ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில், காருக்குள் போகிற ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் லைனில் பத்து வருஷமாக நிற்கிறாள். பத்து வருஷமும் கான்ட்ராக்ட். இன்னொருத்தன் ஸ்டீபன். மணிமங்கலம். அதே லைன், அதே கான்ட்ராக்ட்.

ஸ்டீபனுக்கு வயசு இருக்கிறது. இது போனால் இன்னொன்று. பாக்கியத்துக்கு? நிரந்தர வேலைக்கு முப்பத்தைந்து தாண்டக் கூடாது என்று போட்டிருந்தார்கள். அவளுக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து முடிகிறது. இதை விட்டால் கடைசிவரை கான்ட்ராக்ட்தான். தனியாகப் போக பயமாக இருக்கிறது, கூட வாக்கா என்றாள். ஸ்டோரில் நட்டு போல்ட்டு எண்ணுகிற நான் போய் என்ன கிழிக்கப் போகிறேன்? இருந்தாலும் போனேன்.

ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் அந்தக் கம்பெனி. ஒன்பது மணிக்கு, ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு, நேரில் வரவேண்டும் என்று மெயில். கேட்டில் செக்யூரிட்டி அவர்கள் இருவருடைய போனையும் வாங்கி, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டினார். உள்ளே யாரும் படம் எடுத்துவிடக் கூடாதாம். இந்தப் பக்கம் எல்லாக் கம்பெனியிலும் இதுதான் வழக்கம். வெளியே வரும்போது அவரே பிரிப்பார். நடுவில் நாம் பிரித்தால் ஸ்டிக்கர் கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் கம்பெனியில் அப்படிப் பிரித்த ஒருத்தனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

என்னை உள்ளே விடவில்லை. எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். பாக்கியம் கேட்டிலிருந்து ஓடிவருகிறாள். முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னாடி, முடிஞ்சிதா?"

"ஆரம்பிக்கவே இல்லக்கா. இன்டர்வியூ போன்லயாம். வீடியோ கால்."

நடந்தது இதுதான். ரிசப்ஷனில் சர்டிபிகேட்டை எல்லாம் சரிபார்த்துவிட்டு, "லிங்க் அனுப்பிருக்கோம், உங்க போன்லயே ஜாயின் பண்ணுங்க" என்று ஒரு மூலையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதாவது, காகிதத்தைப் பார்க்க நேரில் வரவேண்டும். ஆளைப் பார்க்க போன். புரிகிறதா? எனக்கும் புரியவில்லை.

போனில்தான் ஸ்டிக்கர் இருக்கிறதே! ஸ்டீபன் நகத்தால் ஒரு சுரண்டு, வேலை முடிந்தது. பேச ஆரம்பித்துவிட்டான். பாக்கியம் சுரண்டவில்லை. இருட்டுத் திரையில் இன்டர்வியூ எடுக்கிற மேடம் குரல் மட்டும் வந்திருக்கிறது — வீடியோ ஆன் பண்ணுங்க, ஆன் பண்ணுங்க என்று. இவள் ஸ்டிக்கர் விஷயத்தைச் சொல்லி, பத்து நிமிஷம் டைம் கேட்டுவிட்டு, விசிட்டர் கார்டைத் திருப்பிக் கொடுத்து, செக்யூரிட்டி கையாலேயே ஸ்டிக்கரைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு... சரி, அப்போது கோபப்பட நேரமில்லை. போனை நான் பிடித்துக்கொண்டேன். பாக்கியம் டீக்கடை பெஞ்சில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். பின்னால் பஜ்ஜி வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் டிரெய்லர் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்தது. மேடம் ஒன்று கேட்க, இவள் "ஆங்?" என்க, மறுபடி மேடம் கேட்க... இப்படியே மூன்று கேள்வி வீணாகப் போனது.

"ரொம்ப சத்தமா இருக்கே, எங்க இருக்கீங்க?" என்றது போன்.

"உங்க கேட்டுக்கு எதிர்லதான் மேடம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"நீ எங்கம்மா உக்காந்துகினு கீற?"

பாக்கியம் என் காலை ஓங்கி மிதித்தாள். செருப்போடு.

பதில் வந்தது. "அட்மின் பில்டிங்... ஃபர்ஸ்ட் ஃப்ளோர்."

நிமிர்ந்து பார்த்தோம். சாலைக்கு அந்தப் பக்கம், மாடிக் கண்ணாடிக்குப் பின்னால், காதில் ஹெட்செட் மாட்டிய ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. பாக்கியம் கை கும்பிட்டாள். பாவம், அந்தப் பெண்ணும் கும்பிட்டது.

எல்லா இன்டர்வியூவும் ரெக்கார்ட் ஆகவேண்டும், அதனால் வீடியோ காலில்தான் எடுக்கவேண்டும் என்று மேலிடத்தில் உத்தரவாம். அந்தப் பெண் யோசித்தது. வீடியோ காலை அப்படியே ஓடவிட்டு, போனோடு கீழே இறங்கி வந்தது. கேட்டைத் தாண்டப் போனால் செக்யூரிட்டி மறிக்கிறார் — "மேடம், அவுட் பாஸ்?" இல்லை. பாக்கியம் உள்ளே போகலாமென்றால் விசிட்டர் கார்டு இல்லை. கடைசியில் கம்பிக்கு உள்ளே அது, கம்பிக்கு வெளியே இவள். ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கிற மாதிரி நடந்தது இன்டர்வியூ. எது ஜெயில் என்று நான் சொல்லமாட்டேன்.

கனெக்டரில் ஒயர் சரியாக உட்கார்ந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டது. பாக்கியம் சும்மா காற்றில் செய்து காட்டினாள். தள்ளினாள், காதைச் சாய்த்தாள், லேசாக இழுத்துப் பார்த்தாள்.

"டக்குனு சத்தம் வரணும் மேடம். வரலன்னா நான் கைய எடுக்கமாட்டேன். சூப்பர்வைசரு கத்துவாரு. கத்தட்டும்."

"ஸ்டிக்கரை நீங்களே எடுத்திருக்கலாமே?"

"கூடாதுன்னு சொன்னாங்களே மேடம்."

அந்தப் பெண் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டது.

ஸ்டீபன் ஒரு மணி நேரம் கழித்து வந்தான். இன்டர்வியூ நாலே நிமிஷமாம். மீதி நேரமெல்லாம் கிழிந்த ஸ்டிக்கருக்கு செக்யூரிட்டியிடம் மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தானாம். "என் வீடியோ கிளியரா இருந்திச்சிக்கா" என்றான். இருக்கும்டா ராசா.

இந்த ரோட்டில் முகத்தைப் பார்க்க மெஷின், விரலைப் பார்க்க மெஷின், பையைப் பார்க்க மெஷின். ஓர் ஆள் மாடியிலிருந்து இறங்கி வந்து இன்னோர் ஆளைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடு.

நேற்று பாக்கியத்துக்கு ஆர்டர் வந்துவிட்டது. நிரந்தரம். ஸ்டீபனுக்கு வரவில்லை, நொந்துகொண்டே எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தான். பாக்கியம் ஆர்டரை என்னிடம் நீட்டி, படி என்றாள். படித்தேன். முதல் இரண்டு வாரம் கை வேலைப் பயிற்சியாம் — ஆன்லைனில்.

வாயைத் திறந்தேன். பாக்கியம் கேக்கை அடைத்துவிட்டாள்.