இருபது திருகுகள்

கோவளத்தில் மீன் வாங்கும்போது எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மீனைப் பார்ப்பதற்கு முன்னால் தராசைப் பார்ப்பேன். காலித் தட்டுக்குச் சைபர் காட்டுகிறதா என்று தெரிந்த பிறகுதான் விலை கேட்பேன். "இன்னாம்மா, என்னைத் திருடின்னு நெனச்சிகினியா?" என்று ஒருமுறை மீன்காரம்மா கேட்டேவிட்டார். பாவம், நான் சந்தேகப்படுவது அவரை அல்ல. தராசுக்குள் எட்டுக் கால்களோடு உட்கார்ந்திருக்கும் சிப் என்கிற கருப்புச் சில்லைத்தான்.

அந்தச் சில்லை எனக்குக் காட்டியவள் அத்தை, அப்பாவின் தங்கை. டிப்ளமோ முடித்துவிட்டு ஊரப்பாக்கத்தில் எங்களோடு இருந்தாள். எலெக்ட்ரானிக் தராசு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் தற்காலிக வேலை. எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு சனிக்கிழமை, தராசுக்குள் பொருத்தும் இருபது சர்க்யூட் போர்டுகளை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தாள். திங்கட்கிழமை காலை அவை சோதனைக்குப் போக வேண்டும். இருபதும் தேறினால் அவளுக்கு வேலை நிரந்தரம்.

தட்டில் மீனை வைத்தால் அடியில் இருக்கும் இரும்புக் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையுமாம். அந்த வளைவிலிருந்து சென்சார் கொடுக்கும் மின்சாரம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதைப் பல நூறு மடங்கு பெரிதாக்கிச் சொல்வதுதான் இந்த ஆப்-ஆம்ப் சில்லின் வேலை. "ஒங்கம்மா மாதிரிதான். சின்னதா உள்ள போவும், பெருசா வெளிய வரும்" என்றாள் அத்தை. அது அடுப்படியில் இருந்த அம்மாவின் காதில் விழுந்து, கரண்டிச் சத்தம் கொஞ்சம் கூடியது.

சிக்கல் என்னவென்றால், உள்ளே எதுவுமே வராதபோதும் சில்லு தன் பங்குக்கு ஒரு துளி பொய் சொல்லும். அந்தப் பொய்யையும் சேர்த்துப் பெரிதாக்கும். காலித் தட்டு கால் கிலோ காட்டும். அதனால் ஒவ்வொரு போர்டிலும் ஒரு நீலத் திருகு. அதை நூலளவு திருப்பி, மீட்டரில் சைபர் வரும் இடத்தில் நிறுத்தி, பிறகு அசையாமல் இருக்க அதன்மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைக்க வேண்டும். காற்று பட்டால் மீட்டர் ஆடும் என்பதால் ஃபேன் போடக் கூடாது. வேர்த்து ஒழுக இருபதையும் சைபருக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஆனால் நெயில் பாலிஷ் பாட்டிலிலேயே காய்ந்துபோயிருந்தது.

அன்று மாலை அம்மா ஒரு புது பாட்டில் வாங்கிவந்தாள். நல்ல சிவப்பு. அது அத்தையின் விரல்களுக்கு. மறுநாள் கோவளத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள். இது ஐந்தாவது தடவை. முந்தைய நான்கு பேரும் போண்டா சாப்பிட்டுவிட்டு, அத்தையை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிப் போனவர்கள். அத்தை வரமாட்டேன் என்று சொல்லவில்லை. பாட்டிலை வாங்கிப் போர்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நான் மேஜைப் பக்கம் போனேன். இருபது திருகுகளும் ஆளுக்கொரு திசையில் கோணிக்கொண்டு நின்றன. எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு இப்படி நின்றால் முட்டியில் அடி விழும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அத்தனையையும் ஒரே நேராக நிறுத்திவிட்டேன். அத்தைக்கு உதவி செய்துவிட்ட பெருமையில் சர்ச்சில் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடினேன்.

திரும்பி வந்ததும் அத்தை பாட்டிலைத் திறந்தாள். திருகுகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோணல் கீதுடி. அதது கோணல்ல நின்னாத்தான் சைபர் வரும்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அம்மாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தானே அவசரத்தில் தப்பாக வைத்துவிட்டதாகவும், இருபதையும் மறுபடி செய்ய வேண்டும் என்றும் சொன்னாள். வீடு இரண்டுபட்டது. "மிஷின் பெருசா, மாப்புள பெருசா? வந்தவங்க இன்னா நெனப்பாங்க?" என்று அம்மா கத்தினாள். கடைசியில், நாங்கள் முன்னால் போய் அவர்களை உட்கார வைக்கிறோம், முடித்துவிட்டு நீ பஸ் பிடித்து வா என்று அப்பா சமாதானம் செய்தார். என்னைத் துணைக்கு விட்டுவிட்டு இருவரும் போனார்கள்.

அத்தை ஃபேனை நிறுத்தினாள். நான் ஒவ்வொரு போர்டாக எடுத்துக் கொடுத்தேன். அவள் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு மணிக்கு முன்னாலேயே இருபதும் முடிந்து, இருபது திருகுகளின் மேலும் சிவப்புச் சொட்டு ஏறிவிட்டது. ஃபேனைப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அப்படி ஓர் அசதியை அவள் முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது.

அப்போது செல்போன் அடித்தது. அப்பாவின் குரல் எனக்கும் கேட்டது. "முடிஞ்சிட்சா? அவங்க அஞ்சு மணி வரிக்கும் இருப்பாங்களாம். கெளம்பி வந்துடு."

"இல்லண்ணா, இன்னும் பாதி கீது" என்றாள் அத்தை. "ஃபேன்கூட போடாம செஞ்சிகினு கீறேன்."

தலைக்கு மேலே ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

அத்தைக்கு வேலை நிரந்தரமானது. அந்தச் சம்பந்தம் தட்டிப்போனது. பல வருஷம் அம்மா அந்தத் தராசைத் திட்டினாள், நான் என்னைத் திட்டிக்கொண்டேன். போனில் அவள் ஏன் பொய் சொன்னாள் என்று புரியாமல், அத்தையின் கல்யாணத்தைக் கெடுத்தவள் நான்தான் என்று நம்பிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வளர்ந்தேன்.

அன்று அவள் போனை வைத்ததும், "எல்லாம்தான் முடிஞ்சிட்சே அத்தை?" என்று கேட்டேன்.

"தெரியும். கைய நீட்டு" என்றாள்.

அடிதான் என்று நினைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நீட்டினேன். சில்லென்று விரல் நுனியில் ஏதோ பட்டது. திருகுகளுக்குப் போக மிச்சமிருந்த நெயில் பாலிஷை என் விரல்களுக்கு வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நகங்கள் வெறுமையாகவே இருந்தன. தப்பு செய்த கைக்கு எதற்கு இது என்று எனக்குப் புரியவில்லை. ஃபேன் காற்றில் சீக்கிரம் காயும் என்பது மட்டும் தெரிந்தது. பத்து விரல்களையும் விரித்து மேலே தூக்கிக்கொண்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.