சாரதாவுக்காக ஒரு ஜெபம்

போன சனிக்கிழமை எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில், டிவி சீரியலில் வரும் ஒரு பெண்ணுக்காக மன்றாட்டு நடந்தது.

சிரிக்க வேண்டாம். நானும் முதலில் சிரிக்கத்தான் போனேன்.

எங்கள் வீடு செட்டிபாளையத்தில், வாவிப் பக்கம். பொழுதுபடும் நேரத்தில் முன்னால் வாவி அசையாமல் கிடக்கும். முதுகுப் பக்கம் கடல் இரைந்துகொண்டிருக்கும். நடுவில் நானும் என் கணவர் ஜீவனும்.

இப்போது ஜீவனின் அக்கா ரோஸ் மச்சாளும் எங்களோடுதான்.

மச்சாளின் கணவர் சாமுவேல் அண்ணன் இந்த வருடம் தவறிப்போனார். நெஞ்சு நோகுது என்று சாய்ந்தவர் எழும்பவில்லை. அடக்கம் முடிந்ததும் வந்தாறுமூலை வீட்டைப் பூட்டிவிட்டு மச்சாளைக் கூட்டி வந்தோம்.

அவர் அழவில்லை. யாராவது அண்ணனின் பெயரை எடுத்தால் எழுந்து குசினிக்குப் போய் அடுப்போடு நின்றுவிடுவார். ஜெபத்துக்கு வந்து உட்காருவார், ஆனால் வாய் திறக்கமாட்டார்.

முன்பெல்லாம் மாதர் கூட்டத்தில் மச்சாள் ஜெபிக்கத் தொடங்கினால் எல்லோருடைய தேநீரும் ஆறிவிடும். (போதகரே மெதுவாக மணிக்கூட்டைப் பார்ப்பார்.)

இப்போது அவர் விரும்பிச் செய்வது ஒன்றுதான். மாலையானதும் டிவிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு சாரதாவைப் பார்ப்பது.

சாரதா அந்த சீரியலின் நாயகி. வேலைக்கென்று தூர ஊருக்குப் போன அவளுடைய கணவன் விபத்தில் இறந்துவிட்டான். பார்க்கிற எங்களுக்கெல்லாம் அது தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது.

எனக்கு இது பிடிக்கவில்லை. நான் ஞாயிறு பாடசாலையில் படிப்பிப்பவள். கண்ணால் எதை உள்ளே விடுகிறோமோ அதுதான் மனதில் குடியிருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்பவள். என் வீட்டிலேயோ ஜெபம் விளம்பர இடைவேளைக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

ஜீவனிடம் சொன்னேன். "அக்காட்டச் சொல்லுங்க, ஜெபத்த முடிச்சிட்டுப் பாக்கட்டும்."

"விடு புள்ள. அந்த நேரம் மட்டும்தான் அவட முகத்தில கொஞ்சம் வெளிச்சம் தெரியுது."

"அது டிவிட வெளிச்சம்."



சனிக்கிழமை சீரியலில் ஒரே மழை. மாமியார் சாரதாவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். அவள் வாசல் கேற்றைப் பிடித்துக்கொண்டு, கணவன் வருவான் என்று தெருவைப் பார்த்தபடி நிற்கிறாள்.

அந்த இடத்தில் கரண்ட் போனது.

(ஆண்டவர் என் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.)

மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தோம். டிவிச் சத்தம் நின்றதும் வாவி மெல்ல எழுந்து வீட்டுக்குள் வந்ததுபோல இருந்தது. யன்னலால் ஈரக் காற்று. எங்கோ தூரத்தில், மீனை வலைக்குள் விரட்ட யாரோ தோணியைத் தட்டும் ஓசை, விட்டு விட்டு. டிவியின் கறுப்புக் கண்ணாடியில் சுடரும், அதைச் சுற்றி எங்கள் மூன்று முகங்களும் தெரிந்தன. யாரோ எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோலத் தோன்றியது.

ஜீவன் ஜெபித்தார். நான் ஜெபித்தேன். ஆமென் என்று முடிக்கப் போகும்போது ஒரு குரல்.

"ஆண்டவரே."

மச்சாள்.

"அந்தப் புள்ள சாரதா மழைக்குள்ள நிக்குது. போறதுக்கு இடமில்ல. அவளுக்கு ஒரு கதவத் திறந்தருளும்."

சிரிப்பை அடக்கியதில் ஜீவனின் தோள் குலுங்கியது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"புருசன் வருவான் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறாள். அவன் வரமாட்டான். அத ஆரும் அவளுக்குச் சொல்லல்ல. நீரே சொல்லும் அப்பா. மெல்லமாச் சொல்லும். அவள் விழுந்திடுவாள்."

ஜீவனின் தோள் குலுங்குவது நின்றுவிட்டது.

பிறகு மச்சாள் அழுதார். அடக்கத்தன்று வராத அழுகை. நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். மெழுகு உருகி மேசையில் வழிந்தது, ஒருவரும் எழும்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"டிவில வாறவளுக்கு ஜெபிச்சா பாவமா புள்ள?"

"தெரியல்ல மச்சாள்" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் போதகரிடமே கேட்டேன். எல்லாவற்றையும் தலையாட்டியபடி கேட்டார்.

"கரண்ட் போனதால மிச்சத்த நீங்க பாக்கல்லையா?"

"இல்ல ஐயா."

"பக்கத்து வீட்டுப் பொம்புள சாரதாவ உள்ள கூப்பிட்டுட்டா. ரோஸுக்குச் சொல்லுங்க."

(போதகர் வீட்டிலும் ஓடுகிறதாம்.)

வீட்டுக்கு வந்து சொன்னேன். "கதவு திறந்திட்டாம் மச்சாள்."

"ஸ்தோத்திரம்" என்றார் மச்சாள், ஏதோ பக்கத்துத் தெருச் செய்தி கேட்டவர்போல.

கண்ணைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகளுக்கு இனியும் சொல்வேன். ஆனால் கண்ணால் உள்ளே போன ஒன்று, இத்தனை மாதம் அடைபட்டுக் கிடந்ததைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வரும் என்று நான் நினைத்திருக்கவே இல்லை. அதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்றும் தெரியவில்லை.

நேற்று மாலை சீரியல் முடிய முன்னமே மச்சாள் டிவியை நிற்பாட்டினார்.

"வாங்க. இண்டைக்கு நான் முதல்ல ஜெபிக்கிறன்."

நாங்கள் கண்ணை மூடினோம்.

"ஆண்டவரே, சாமுவேலை எனக்குத் தந்ததுக்கு ஸ்தோத்திரம். ஒரு நாளும் தவறாம கறிக்கு உப்புக் காணாது, இன்னும் போடு எண்டு சொன்னாரே, அந்த வாய்க்கும் ஸ்தோத்திரம்."

கொஞ்சம் நிறுத்தினார்.

"உண்மையா உப்புக் காணாதுதான் அப்பா. நான்தான் ஒத்துக்கொள்ளல்ல."

கண்ணை மூடியபடியே மூன்று பேரும் சிரித்தோம்.