ஏஞ்சலோடு நியானைப் போடாதே

அக்காவுக்கு மீன் பிடிக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முதலாளியைப் பிடிக்காது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அவருடைய வண்ணமீன் கடையில் பல வருடம் தொட்டி கழுவி, மீனைப் பையில் கட்டிக் கொடுத்தவள் அவள். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. முதன்முதலாகத் தொட்டி வாங்குகிறவர்களுக்கு ஏஞ்சல் மீனையும் குட்டி நியான் மீன்களையும் சேர்த்தே கட்டிக் கொடுப்பார்கள். ஏஞ்சல் வளர்ந்ததும் நியான்களை ஒவ்வொன்றாக விழுங்கிவிடும். வாங்கினவர் தன் கைராசியை நொந்துகொண்டு மறுபடி வருவார். ஒருநாள் அப்படி வந்த ஒரு பெண்ணிடம் அக்கா உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"பாடம் நடத்தணும்னா தனியா பள்ளிக்கூடம் வச்சுக்கோ. துணியை வச்சுட்டுக் கிளம்பு" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினார் முதலாளி.

தொட்டி துடைத்த துணியைப் பிழியாமல் அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள் அக்கா.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கணினி படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். "உன் படிப்புக்கு இதையாவது செய்டா" என்றாள். அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். இரண்டு மீன்களின் பெயரைத் தட்டினால், சேர்ந்து வாழுமா, ஒன்றை ஒன்று தின்னுமா என்று சொல்லும் செயலி. விலை ஒரு தேநீர்க் காசு.

லாபமா? மீன் வளர்ப்பவர்களே கொஞ்சம். அதில் செயலிக்குக் காசு கொடுப்பவர்கள் இன்னும் கொஞ்சம். செயலிக் கடை தன் பங்கை எடுத்தது போக மிஞ்சியது மின் கட்டணத்துக்கே எட்டவில்லை. நான் புலம்பினால் அக்கா திருப்பிக் கேட்பாள்: "அவர் கடையில நின்னு யாராவது அதைத் தட்டிப் பார்த்தாங்களாமா?"

பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் ஒரு மாலை முதலாளி எங்கள் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, வர்றவன்லாம் போனை நீட்டி என்னையே குறுக்கு விசாரணை பண்றான். போதும்மா. தம்பி, நீ படிச்ச புள்ள. மொத்தமா எழுதிக் குடு, ஆறு மாச வாடகை தர்றேன்."

வீட்டுக்காரர் காலையில்தான் வந்து பாக்கியைக் கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

"வாங்கி என்ன பண்ணுவீங்க?" என்றாள் அக்கா.

"மூடிடுவேன். பின்ன, தீனி போட்டு வளர்க்கவா?"

அக்கா சிரித்தாள். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"டேய், விலையை எடுத்துடு. எல்லாருக்கும் சும்மா குடு. இப்பவே, அவர் கண்ணு முன்னாடி."

"அக்கா, வாடகை..."

"எடுடா."

எடுத்தேன். அவளுக்காக என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் அந்த நிமிடம் என் மனதில் வேறொன்று ஓடியது. முன்பு அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, "என்ன பட்டதாரி, தொட்டி கழுவ வர்றியா?" என்று இதே வாய்தான் சிரித்தது. படித்தும் என் புத்தி இவ்வளவுதானா என்று தெரியவில்லை.

மாற்றிய திரையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். படித்தார். எழுந்து போனார்.

அவர் தொடாத தண்ணீரை எடுத்து அக்கா மடமடவென்று குடித்தாள்.

"இப்ப வாடகைக்கு என்ன பண்றது?" என்றேன்.

"அவர் மூஞ்சியைப் பார்த்தியாடா?" என்றாள்.