அரண்மனையில் ஒரு சஹன்

போன வருடம், மகளின் கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம். நானும் மனைவியும் மகளும் மருமகனும் கல்முனையிலிருந்து இந்தியாவுக்குச் சுற்றுலா போனோம். ராஜஸ்தானில் பழைய அரச குடும்பம் ஒன்று தாங்களே ஹோட்டலாக நடத்தும் அரண்மனையில் இரண்டு நாள் தங்க மருமகன் ஏற்பாடு செய்திருந்தார்.

மருமகன் நல்ல பிள்ளை. ஆனால் கதை குறைவு. எங்கள் வீட்டுக்கு வந்த நாள் முதல் புது மாப்பிள்ளைக்கென்று தனி மேசை, தனிச் சாப்பாடு. எதைக் கேட்டாலும் "ஓம் மாமா" என்பார், அதோடு சரி. அவருக்கு முன்னால் பட்டிக்காட்டானாகத் தெரியக் கூடாதென்று, புறப்படுமுன் ஒரு வாரம் முள்ளுக்கரண்டியால் புட்டுச் சாப்பிட்டுப் பழகினேன். பாதிப் புட்டு மடியில்தான் விழுந்தது.

முதல் நாள் பகல் சாப்பாட்டுக்கு நானும் மனைவியும் முந்திப் போய்விட்டோம். அங்கே மேசையும் இல்லை, முள்ளுக்கரண்டியும் இல்லை. விரிப்பில் இருத்தி, குட்டிப் பலகைமேல் பெரிய வெள்ளித் தட்டொன்றை வைத்தார்கள். நடுவே சோறு, சுற்றிவரப் பத்துப் பன்னிரண்டு கிண்ணத்தில் மரக்கறி. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எங்கள் ஊர்க் கல்யாணத்தில் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் சஹன் அல்லவா இது! பிள்ளைகளும் வரட்டுமே என்றாள் மனைவி. பசி விடவில்லை. கிண்ணங்களைச் சோற்றில் கவிழ்த்து, பிஸ்மி சொல்லி இருவரும் கைவைத்தோம்.

நாலு வாய் சாப்பிட்டிருப்பேன். நிமிர்ந்தால், பணியாளர்கள் மூன்று பேர் அதே மாதிரித் தட்டுகளோடு நிற்கிறார்கள். ஆளுக்கொரு தட்டாம். அவர்களுக்குப் பின்னால் மகளும் மருமகனும். பக்கத்திலிருந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கையெல்லாம் வேறு பருப்பு.

அந்த அரச குடும்பத்தின் மூத்தவர் எழுந்து வந்தார். தட்டைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சின்ன வயதில் தானும் தம்பிமாரும் ஒரே தட்டில்தான் சாப்பிட்டதாக மருமகனிடம் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு, மற்றத் தட்டுகளை வைக்கவா, கொண்டுபோகவா என்று கேட்டார்.

மருமகன் என்ன சொல்லப்போகிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் கொண்டுபோகச் சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

"கொஞ்சம் தள்ளிக் குந்துங்க மாமா. எனக்கும் இடம் வேணும்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மருமகன் உட்கார்ந்ததும் தட்டிலிருந்த ஒரே லட்டை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை என் பக்கம் தள்ளினார். அன்று அவர் கதைத்த கதை மூன்று மாதக் கதை.

வீட்டில் மாப்பிள்ளைக்கென்று போட்ட அந்தத் தனி மேசையில் இப்போது உடுப்பு அயன் பண்ணுகிறோம். அதைக் காணும்போதெல்லாம், மரியாதை என்ற பேரில் அந்தப் பிள்ளையைத் தள்ளி வைத்தது நாங்கள்தானே என்று வெட்கமாக இருக்கும்.